செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25 (குடியிருப்போர் சங்கம், மாதவரம்)

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செயற்குழு மாதாமாதம் கூடியது. தெருவிளக்கு, மழைநீர் வடிகால் மனுக்களை மண்டல அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. சந்தா பாக்கி வழக்கம்போல் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சில் அடிபட்டது நம் காய்கறித் தோட்டம்தான். வெண்டை சரியாக முளைக்கவில்லை; கீரை விரலளவில் நின்றுவிட்டது. உரம் போதவில்லை என்றார்கள் சிலர், போர் தண்ணீர் உப்பு என்றார்கள் சிலர். பாத்தியைச் சுற்றி இடுப்பளவு நின்ற பார்த்தீனியக் களையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. வெட்டிய செடியையும் மண்ணை மூடிவைக்கும் மூடாக்கு என்று பாத்தியிலேயே பரப்பியிருந்தார்கள்.

களை தண்ணீரையும் உரத்தையும் பிடுங்கிக்கொள்வது தெரிந்ததே. பார்த்தீனியம் அதோடு விடுவதில்லை. அதன் இலையிலும் பூவிலும் பார்த்தீனின் என்ற பொருளும் ஃபீனாலிக் அமிலங்களும் உண்டு. மழையில் கழுவப்பட்டும், செடி அழுகும்போதும் அவை மண்ணில் இறங்கி, பக்கத்து விதை முளைப்பதையும் வேர் நீள்வதையும் தடுக்கின்றன. பயறு வகைகளில், தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர்முடிச்சு குறைகிறது. பார்த்தீனிய மகரந்தம் தக்காளி, மிளகாய், கத்தரிப் பூக்களின் சூல்முடியில் (பூவில் மகரந்தத்தை ஏற்கும் நுனியில்) படிந்தால் காய்ப்பிடிப்பும் குறைகிறது. இப்படி ஒரு செடி வேதிப்பொருளால் இன்னொன்றைப் பாதிப்பதற்கு 1937-இல் தாவரவியலாளர் ஹான்ஸ் மோலிஷ் 'அல்லேலோபதி' என்று பெயர் வைத்தார். நம் வரப்புக் கோரைக்கும் இந்தக் குணம் உண்டு.

நம்பாதவர்களுக்காகச் சங்க அறையில் இரண்டு தட்டில் ஈரத்துணி விரித்துக் கீரை விதை தூவினோம். வெறும் தண்ணீர் தெளித்த தட்டில் வெள்ளை வேர் தாராளமாக ஓடியது. பார்த்தீனிய இலை ஊறிய தண்ணீர் தெளித்ததில் பாதி விதை வெடிக்கவே இல்லை. வெடித்தவற்றிலும் வேர்நுனி பழுப்பேறிச் சுருண்டது. அதற்காக விளையாததற்கெல்லாம் இதன் தலையில் பழியைக் கட்ட முடியாது. போர் தண்ணீர் உப்புதான், அதில் சந்தேகமில்லை.

ஒரு செடியே பத்தாயிரத்துக்கும் மேல் விதை உதிர்க்கும் என்பதால், பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்கச் செயற்குழு முடிவெடுத்தது. இந்தச் செடியால் தோலில் அரிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பு வரும். கையுறை இல்லாமல் யாரும் தொட வேண்டாம், ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம். பிடுங்கியதைப் பச்சையாகப் பாத்தியில் போடக்கூடாது. பூக்காத செடியை மட்டும் குழியில் போட்டு நன்றாக மட்க விடலாம். வேலியோரம் தகரைச் செடி விதைக்கிறோம். அது அடர்ந்து வளர்ந்து பார்த்தீனியத்தை எழவிடாது.

அப்புறம், கையுறை வாங்க வீட்டுக்கு ஐம்பது ரூபாய் கேட்டிருந்தோம். தராதவர்கள் இன்றே பொருளாளரிடம் கொடுத்துவிடலாம்.

செயலாளர்