அந்த சிமெண்டுக்காக நான் காத்திருக்கப் போவதில்லை, கயல்

சேலம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய கட்டுரைகளை எல்லாம் படித்து முடித்துவிட்டேன். அப்பா அச்செடுத்துக் கொடுத்தார். பழைய வழக்கப்படி பென்சிலால் அடிக்கோடிட்டு, புரியாத இடங்களில் கேள்விக்குறி போட்டுப் படித்தேன். முதுகெலும்புக்குப் பரவிய புற்றுக்கு வரும் செவ்வாய்க்கிழமை எனக்குக் கதிர்வீச்சு. ஒரே தடவை, 8 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). நீ ஆய்வு செய்கிற காந்த சிமெண்டை எனக்குப் போடலாம் என்று நினைத்து, "மூன்று மாதம் பொறுத்துக்கொள் அம்மா, இங்கே பேராசிரியரிடம் கேட்டிருக்கிறேன்" என்று நீ எழுதியிருந்தாய். பொறுக்கப் போவதில்லை. இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் கடிதம்.

உன் வேலை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காந்தத் தயக்கம் என்ற பாடத்தை ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புக்கு நடத்தியவள் நான். இரும்பை மாறி மாறிக் காந்தமாக்கும்போது அதன் காந்தமாற்றம் புலத்துக்குப் பின்தங்குவதுதான் தயக்கம்; அதை வரைந்தால் வரும் மூடிய வளைகோடு தயக்கக் கண்ணி. அதன் பரப்பு பெரிதானால் வெப்பமாக வீணாகும் ஆற்றலும் பெரிதாகும், ஆகவே மின்மாற்றியின் உள்ளகத்துக்குப் பரப்புக் குறைந்த தேனிரும்பு என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். அந்த வீண் வெப்பத்தையே மருந்தாக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறதே! எலும்புக்குள் ஊசி வழியாகச் செலுத்தும் சிமெண்டில் மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதுவின் பொடியைக் கலக்கிறீர்கள். அது உள்ளே போய்க் கெட்டியானதும் வெளியே ஒரு கம்பிச்சுருளை வைத்து, நொடிக்கு லட்சம் தடவை திசை மாறும் காந்தப்புலத்தைப் பாய்ச்சுகிறீர்கள். தோலும் தசையும் பெரிதாகச் சூடாகாமல் சிமெண்ட் மட்டும் சூடேறுகிறது. நம் வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பில் கண்ணாடி சுடாமல் பாத்திரம் சுடுவதைப் போல. அந்த மேக்னடைட் நம் கஞ்சமலைப் பாறையில் இருக்கிற அதே தாது என்பதை எண்ணிக்கொண்டு ஜன்னல் வழியே மலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவர்ந்தது வேறொன்று. ஊசியைச் செலுத்திக் கட்டியைச் சுட்டுவிட்டு வெளியே எடுத்துவிடும் முறையில், புற்று மறுபடி வளர்ந்தால் மறுபடியும் குத்த வேண்டும். உங்கள் சிமெண்ட் உள்ளேயே தங்குகிறது. எலும்பையும் தாங்குகிறது, ஆறு மாதம் கழித்துத் தேவைப்பட்டால் தோலைத் தொடாமலே மறுபடி சூடேற்றலாம். என்னைப் போல உடம்பின் வேறு இடத்திலிருந்து எலும்புக்குப் பரவியவர்களுக்கு, அடுத்தடுத்து மயக்க மருந்து தாங்க முடியாதவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய உதவி! அது ஒருநாள் வர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

ஆனால் என் முதுகெலும்புக்கு அது இன்னும் வரவில்லை, கயல். நீ அனுப்பிய கட்டுரைகளே அதைத்தான் சொல்கின்றன.

1957இல் சிகாகோவில் கில்கிறிஸ்ட் குழுவினர் நிணநீர் முடிச்சுகளில் இரும்பு ஆக்சைடு துகள்களை வைத்துச் சூடேற்றிப் பார்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் கியோட்டோவில் மேக்னடைட் கலந்த கண்ணாடிப் பீங்கானை முயலின் கால் எலும்பில் வைத்தார்கள். 2007இல் ஜப்பானின் மியே பல்கலைக்கழகத்தின் மட்சுமினே குழு, இந்தக் காந்த வெப்ப சிகிச்சையை 15 நோயாளிகளிடம் செய்ததை வெளியிட்டது. நீ சிவப்பு மையால் வட்டமிட்டு அனுப்பியிருந்த கட்டுரை அது. அதில் நீ வட்டமிடாத பகுதியையும் படித்தேன். அறுவை மட்டும் செய்துகொண்டவர்களைவிட வெப்ப சிகிச்சை பெற்றவர்களின் எலும்பு நன்றாக இருந்திருக்கிறது. அறுவையோடு கதிர்வீச்சும் பெற்றவர்களோடு ஒப்பிடும்போது சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அந்தக் கதிர்வீச்சு இங்கே செவ்வாய்க்கிழமை எனக்குக் கிடைக்கிறது. பிறகு எதற்காக நான் வலியோடு மூன்று மாதம் படுத்திருக்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் பார்த்தது கை கால் எலும்புகளை. என்னுடையது மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு, உடம்பின் நட்ட நடுவில். மாறும் காந்தப்புலத்தில் உடம்பே ஒரு கடத்தி; அதற்குள்ளும் சுழல் மின்னோட்டம் ஓடும். அந்த மின்னோட்டம் தரும் வெப்பம் புலத்தின் வலிமையின் இருமடியோடு ஏறும், அதிர்வெண்ணின் இருமடியோடு ஏறும், ஆரத்தின் இருமடியோடும் ஏறும். முழங்காலைப் போல இரண்டு மடங்கு தடிமனான இடுப்பில், அதே புலத்துக்கு நான்கு மடங்கு சூடு. 1980களில் பிரெசோவிச் என்பவர் தன்னார்வலர்களின் உடம்பைச் சுற்றிச் சுருளை வைத்துச் சோதித்து, புல வலிமையும் அதிர்வெண்ணும் பெருக்கி வருகிற எண்ணுக்கு ஓர் உச்சவரம்பு வகுத்தாரே, இன்றும் எல்லாரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். காலுக்குத் தாராளமாகக் கொடுக்கக்கூடிய புலத்தை இடுப்புக்குக் கொடுக்க முடியாது. குறைந்த புலத்தில் சிமெண்ட் போதுமான அளவுக்குச் சூடாகுமா? இதை நீ உன் பேராசிரியரிடம் கேட்டாயா?

வெப்பநிலையின் கணக்கு அதைவிடக் கடினமானது. புற்றுச் செல்லை வாட்ட 43 டிகிரியாவது வேண்டும், அதுவும் நிமிடக்கணக்கில் நீடிக்க வேண்டும். எலும்போ 47 டிகிரியில் ஒரே நிமிடத்தில் காயப்படும் என்று 1983இல் சுவீடனில் முயல்களிடம் கண்டுவிட்டார்கள். இடையில் இருப்பது நான்கே டிகிரி. சிமெண்டிலிருந்து தள்ளிப் போகப் போக வெப்பம் குறையும். ஓடும் இரத்தம் அதை அள்ளிக்கொண்டு போகும். கட்டியின் ஓரத்தில் 43 இருக்க வேண்டுமானால் சிமெண்டை ஒட்டிய இடத்தில் எவ்வளவு இருக்கும்? என் விஷயத்தில் அந்த இடத்துக்கு அடுத்த வீடு நரம்புகள். ஒரு மில்லிமீட்டர் தவறினால் கால் போய்விடும். டாக்டர் படத்தில் சுட்டிக்காட்டினார்.

இதற்குத்தான் நீ செய்கிற ஃபெரைட் (இரும்பு ஆக்சைடோடு வேறு உலோகங்கள் சேர்ந்த காந்தப் பொருள்) வேலை என்பதும் எனக்குத் தெரியும். மேக்னடைட்டின் கியூரி வெப்பநிலை, அதாவது அது காந்தத் தன்மையை இழக்கும் வெப்பநிலை, 585 டிகிரி; அதனால் அது சூடேறுவது தானாக நிற்காது. மாங்கனீசும் துத்தநாகமும் சேர்ந்த ஃபெரைட்டில் விகிதத்தை மாற்றி மாற்றி கியூரி வெப்பநிலையை 45க்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால், அந்தச் சூட்டைத் தொட்டதும் பொருள் தன் காந்தத் தன்மையை இழந்துவிடும், மேலே சூடேறாது. வெப்பமானி வேண்டாம், கணினி வேண்டாம். பொருளே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். கியூரி வெப்பநிலையை இரண்டு மதிப்பெண் கேள்வியாகத்தான் நான் சொல்லிக் கொடுத்தேன். அதை வைத்து என் மகள் ஓர் உயிரைக் காக்கும் சிமெண்டைச் செய்ய முயல்கிறாள் என்பதில் எனக்கு இருக்கிற பெருமையை எழுதத் தெரியவில்லை.

அதனால்தான் கேட்கிறேன்: அம்மாவுக்காக அவசரப்படுத்தாதே. கட்டியின் ஓரத்தில் சூட்டை அளக்காமல், சிமெண்டுக்குள் அளந்த எண்ணை மட்டும் போட்டுக் கட்டுரை எழுதுபவர்களோடு சேராதே. ஃபெரைட்டிலிருந்து மாங்கனீசு பல ஆண்டுகளில் எவ்வளவு கரைந்து வெளியேறும் என்று பார். எம்.ஆர்.ஐ. எடுத்தால் இரும்பு ஆக்சைடு இருக்கிற இடம் கறுப்பாகத்தானே விழும்? அதன் ஓரத்தில் புற்று திரும்பி வந்தால் டாக்டர் எப்படிக் காண்பார்? நீ அனுப்பிய கட்டுரைகளில் இதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறார்கள். நோயாளியின் இடத்தில் இருந்து பார்த்தால் அந்த ஒரு வரி போதாது.

எனக்கு இங்கே நடக்கப்போவதைச் சொல்கிறேன். பத்து நாள் பிரித்துக் கொடுத்தாலும், ஒரே நாளில் 8 கிரே கொடுத்தாலும் வலி குறைவது ஏறக்குறைய ஒன்றுதான் என்று பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். ஒரே தடவை பெற்றவர்களுக்கு மறுபடி தேவைப்படுவது கொஞ்சம் அதிகம். அதையும் டாக்டர் சொல்லிவிட்டார். வலி தணிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். பிறகு அந்த முள்ளெலும்பு நொறுங்காமல் இருக்க, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே ஊசி வழியாக சாதாரண அக்ரிலிக் சிமெண்ட் போடுவார்கள். பிரான்சின் அமியான் நகரில் 1984இல் தொடங்கிய முறை. அன்றே உட்கார வைத்துவிடுவார்களாம். எலும்பு மேலும் அரிக்கப்படாமல் தடுக்கும் ஜோலெட்ரானிக் அமில ஊசியும் உண்டு. அதற்கு முன் பல் டாக்டரைப் பார்த்துச் சொத்தையை எல்லாம் முடித்துவிட வேண்டும், தாடை எலும்பைப் பாதிக்கக்கூடும் என்பதால். அந்த வேலை போன வாரமே முடிந்தது.

சாதாரண சிமெண்டைப் போட்டுவிட்டால் பிறகு காந்த சிமெண்டுக்கு அங்கே இடம் இருக்காது என்று நீ பதறியிருக்கிறாய். உண்மைதான். தெரிந்துதான் முடிவு செய்திருக்கிறேன். எனக்கு இப்போது வேண்டியது நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது, இரவில் புரண்டு படுப்பது, அப்பாவைத் துணைக்குக் கூப்பிடாமல் குளியலறைக்குப் போவது. பயம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. கிளம்பி ஓடி வராதே. வலி தணிந்த பிறகு, சிமெண்டுக்குத் தேதி குறித்ததும் சொல்கிறேன், அப்போது வந்து பத்து நாள் இரு. மாப்பிள்ளைக்கும் லீவு கிடைத்தால் கூட்டி வா.

அத்தை தினமும் போன் செய்து ஜப்பானில் ஏதோ மருந்து இருக்கிறதாமே என்று கேட்கிறார். நீயே அவருக்கு ஒரு தடவை பொறுமையாக விளக்கிவிடு. நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்.

வெவ்வேறு விகிதத்தில் செய்த மூன்று ஃபெரைட் மாதிரிகளையும் சூடேற்றி அளந்த வரைபடத்தை அனுப்பு. போன தடவை அனுப்பியதில் கிடை அச்சுக்குப் பெயரே எழுதவில்லை. நேரமா, தொலைவா என்று தெரியாமல் திண்டாடினேன். சிமெண்டின் விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டரில் அளந்தாய் என்பதையும் குறித்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா