பஞ்சரத்னத்தின் மூன்று தகடுகள்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. சொந்த ஊர்ப் பள்ளிக்கே மாற்றல் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பர் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

லேபில் இப்போது என்ன வேலை என்று கேட்டிருந்தாய். சாதாரண லேசர் கற்றையின் குறுக்கே எங்கே பார்த்தாலும் மின்புலம் ஒரே திசையில்தான் அதிரும். நாங்கள் உண்டாக்கும் கற்றையில் அது இடத்துக்கு இடம் மாறும். சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் விரியும். நட்டநடுவில் எந்தத் திசை என்று சொல்லவே வழியில்லாததால் அங்கே ஒளி இருக்காது. கேமராவில் வளையமாகத் தெரியும். முன்னால் ஒரு போலரைசரை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) வை, வளையம் இரண்டு துண்டாகிவிடும். போலரைசரைத் திருப்பத் திருப்ப அந்தத் துண்டுகளும் கூடவே சுற்றும். எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை.

இந்தக் கற்றையை வலுவான லென்ஸால் குவித்தால் வழக்கத்தைவிடச் சின்னப் புள்ளி கிடைக்கும் என்று 2003இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் அளந்து காட்டினார்கள். இதை உண்டாக்க, அச்சு இடத்துக்கு இடம் திரும்பியிருக்கும் அரை அலைத் தகடு (ஒளி அதிரும் திசையைத் திருப்பிவிடும் தகடு) போதும். நேப்பிள்ஸில் மரூச்சி குழு 2006இல் திரவப் படிகத்தில் செய்தது. 2011இல் சவுதாம்ப்டனில் காஸான்ஸ்கி குழு கண்ணாடிக்குள்ளே லேசராலேயே நுண்வரிகளை எழுதியது.

சிக்கல் பல்ஸ், அதாவது லேசர் விடும் ஒளித் துடிப்பு, குறுகும்போதுதான். 10 ஃபெம்டோ நொடி (ஒரு ஃபெம்டோ என்பது நொடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) பல்ஸ் என்றால், 800 நானோமீட்டரைச் சுற்றி 90 நானோமீட்டருக்கு மேல் அலைநீளங்கள் பரவியிருக்கும். தகடு 800க்குச் சரியாக இருந்தாலும், ஓரத்து அலைநீளங்களில் கொஞ்சம் மாறாமலே கடந்துபோய் இருண்ட மையத்தில் கசியும். கண்ணாடி தடித்தாலும் தொல்லை: 5 மில்லிமீட்டர் சிலிக்காவைக் கடந்தாலே அந்தப் பல்ஸ் 50 ஃபெம்டோ நொடியாக நீண்டுவிடும்.

இதற்கு வழி தேடிப் போனால் பஞ்சரத்னம் என்ற இயற்பியலாளரின் வாசலில் போய் நிற்கிறோம், மாப்ளே! சி.வி. ராமனின் சகோதரி மகன்தான். 1955இல், இருபது சொச்சம் வயதில், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அவர் மூன்று தகடுகளை அடுக்கினார். ஓரத்துத் தகடுகள் இரண்டும் ஒரே கோணம், நடுத்தகடு மட்டும் திருப்பி. அலைநீளம் மாறும்போது வரும் பிழையை அவை தமக்குள்ளேயே பெருமளவு ஈடுகட்டிவிடுகின்றன. மறு வருடமே ஒளியின் வடிவியல் கட்டத்தையும் (அதிரும் திசை மாறிவரும் விதத்தால் மட்டுமே அலைக்கு வரும் கட்ட மாற்றம்) கண்டுபிடித்தார். திரும்பும் அச்சுள்ள எங்கள் தகடுகள் வேலை செய்வதே அந்தத் தத்துவத்தில்தான். உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது 1980களில். அவரோ 1969இலேயே, 35 வயதில், ஆக்ஸ்ஃபோர்டில் இறந்துவிட்டார். நினைத்தால் மனசு ஆறவில்லை.

நீ தளவிளைவு (ஒளி அதிரும் திசை பற்றிய பாடம்) நடத்தும்போது மாலஸ், புரூஸ்டரோடு நிறுத்திவிடாதே, இவரையும் சொல். கட்டுரைகளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்து, பிளஸ் டூ பிள்ளைகளுக்கு எதுவரை சொல்லலாம் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்