36ஆம் வாரத்தில் ஒரு ஸ்கேன்: மாவட்ட சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் மாசமாக இருக்கிற பெண்களுக்கு ஸ்கேன் எப்படி நடக்கிறது என்பது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. ஆரம்பத்தில் ஒன்று, ஐந்தாம் மாதம் ஒன்று எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வலி வரும்வரை குழந்தை உள்ளே வளர்கிறதா, வளர்ச்சி நின்றுவிட்டதா என்று பார்ப்பதற்கென்று ஒரு நாள் கிடையாது. வயிறு பார்த்துச் சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுப்பார்கள், வராவிட்டால் இல்லை. 36ஆம் வாரத்தை ஒட்டி எல்லாப் பெண்களுக்கும், குறைந்தபட்சம் தலைப்பிரசவத்துக்காவது, குழந்தையின் வளர்ச்சி பார்க்கும் ஸ்கேன் ஒன்றைக் கட்டாயமாக்குங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சமீபத்தில் என் அக்கா மகளுக்குக் குழந்தை பிறந்தது. மாதம் நிறைந்து பிறந்த பிள்ளை, எடை 1,900 கிராம். அவள் வாழ்க்கைப்பட்டது திருப்பூரில். வளைகாப்பு முடிந்து எங்கள் பக்கத்து வழக்கப்படி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள், முதல் ஸ்கேன் ரிப்போர்ட் அங்கே பீரோவிலேயே தங்கிவிட்டது. முதல் மூன்று மாதத்தில் எடுக்கிற ஸ்கேன் குழந்தையின் வயதை ஒரு வாரம் முன்பின்னாகச் சொல்லிவிடும், கடைசி மாதங்களில் எடுத்தால் மூன்று வாரம் வரைகூடத் தள்ளிப்போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த ஒரு தாள் கையில் இல்லாததால் “தேதி தப்பா இருக்கும்மா, அதான் வயிறு சின்னதாத் தெரியுது” என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் அவளுடைய ஆயா, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி மட்டும் “என்ன ஆத்தா, வயிறு ஏறவே இல்லையே” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தபோது ஸ்கேன் டாக்டர் வருகிற நாளாகப் பார்த்து, நிறைமாத வயிற்றோடு பஸ் ஏறிப் போய், காலையிலிருந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டு, “டோக்கன் முடிஞ்சுது, அடுத்த வாரம் வாங்க” என்ற பதிலோடு திரும்பி வந்தாள். அடுத்த வாரத்துக்குள் வலி வந்துவிட்டது.

பிறந்த சிறிது நேரத்திலேயே பிள்ளைக்கு உடம்பு சில்லிட்டு, சர்க்கரை இறங்கிவிட்டது. பிரசவம் ஆன ஆஸ்பத்திரியில் பச்சிளங்குழந்தைக்கான தனிப் பிரிவு இல்லை. 108இல் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், ஆபரேஷன் ஆன தாய் இங்கேயே கிடந்தாள். அவள் அழுதுகொண்டே பீய்ச்சிக் கொடுக்கிற பாலைச் சின்ன டப்பாவில் அடைத்து, அவள் வீட்டுக்காரர் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். போய்ச் சேர்வதற்குள் பால் கெட்டுவிடுமோ என்ற பயம் வேறு. பிள்ளை பிழைத்துவிட்டது, இப்போது நன்றாக இருக்கிறது, அந்த நர்சம்மாக்களுக்கு நாங்கள் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவர்கள். ஆனால் எடை குறைவு என்று இரண்டு வாரம் முன்னால் தெரிந்திருந்தால் பிள்ளையைத் தாயின் வயிற்றில் வைத்தே அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்போமே! அதைவிடப் பத்திரமான வண்டி ஏது?

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் தலைப்பிரசவத்துக்கு வந்த சுமார் 4,000 பெண்களை வைத்து ஆராய்ந்து 2015இல் வெளியிட்டிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் மட்டும் ஸ்கேன் என்ற வழக்கமான முறையில், சிறியதாகப் பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 20தான் முன்கூட்டித் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் கடைசி மாதங்களில் ஸ்கேன் எடுத்தபோது 57. பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு வளர்கிற வேகம் குறைந்திருந்தால் ஆபத்து கூடுதல் என்பதும் அதில்தான் தெரிந்தது. அதே நாட்டில் 2013இல் வந்த இன்னொரு ஆய்வில், வளர்ச்சி குறைந்த குழந்தைகளில் அது முன்பே தெரியாமல் போனவர்களுக்கு வயிற்றிலேயே இறந்து பிறப்பது ஆயிரத்துக்கு கிட்டத்தட்ட 20, தெரிந்தவர்களுக்கு 10க்குள். பாதியாகக் குறைகிறது ஐயா!

இதற்கு மறுப்பும் உண்டு என்று தெரியும். நெதர்லாந்தில் 13,000 பெண்களிடம் செய்த ஆய்வில், எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்ததால் சிறிய குழந்தைகள் கூடுதலாகக் கண்டுபிடிக்கப்பட்டாலும் குழந்தைகளுக்கு நேர்ந்த கடுமையான பாதிப்புகள் குறையவில்லை என்று 2019இல் சொன்னார்கள். கேம்பிரிட்ஜ் ஆய்விலும் நல்ல எடையோடு பிறந்த குழந்தைகளில் நூற்றுக்குப் பத்தைச் சிறியது என்று ஸ்கேன் தவறாகக் காட்டியது. எடைக் கணக்கே நூற்றுக்குப் பத்து, பதினைந்து முன்பின் இருக்கும். எல்லாம் சரி. ஆனால் அங்கே ஒவ்வொரு முறையும் டேப் வைத்து வயிற்றை அளந்து குறித்துக்கொள்கிற மருத்துவச்சி இருக்கிறார், தேவைப்பட்டால் உடனே ஸ்கேன் இருக்கிறது. 24 வாரத்துக்குப் பிறகு வயிற்றின் உயரம் சென்டிமீட்டரில் ஏறக்குறைய வாரக் கணக்குக்குச் சமமாக வர வேண்டும், ஒரு டேப் போதும், அதைக்கூட என் அக்கா மகளின் அட்டையில் யாரும் எழுதியிருக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு நெதர்லாந்தைக் காட்டி ஸ்கேன் வேண்டாம் என்று சொன்னால் மனசு ஆறுமா?

ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பினால் போதும் என்று நான் சொல்லவில்லை. “2.1 கிலோ” என்று மட்டும் எழுதினால் வீட்டில் யாருக்கு என்ன புரியும்? அந்த வாரத்துக்கு அது குறைவா, சரியா என்று தமிழில் எழுதுங்கள். குறைவு என்றால் தொப்புள்கொடி ரத்த ஓட்டம் பார்க்கிற டாப்ளர் அன்றைக்கே எடுக்கட்டும், பிரசவம் எந்த ஆஸ்பத்திரியில் என்று அட்டையிலேயே குறிக்கட்டும். வெளியில் எடுத்தால் ஆயிரத்துக்கு மேல் ஆகிறது, செங்கல் சூளைக்குப் போகிற குடும்பம் அதை எங்கிருந்து புரட்டும்?

ஒன்றைக் கோபத்தோடுதான் சொல்கிறேன், மன்னியுங்கள். எங்கள் பக்கத்தில் திறப்பு விழா கண்ட ஸ்கேன் மெஷின் ஒன்று ஆள் இல்லாமல் பூட்டிய அறையில் கிடக்கிறது. கேட்டால், வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கிற 1994ஆம் வருடச் சட்டத்தைச் சொல்கிறார்கள். பெண் சிசுவைக் காப்பாற்ற வந்த அந்தச் சட்டம் இருக்கத்தான் வேண்டும், எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. சட்டப்படி பதிவு செய்து, தகுதியான டாக்டரைப் போடுவது உங்கள் கையில்தானே இருக்கிறது? செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு ரோடும் பலகையும் உடனே வருகிறது, அந்த வீடுகளில் வேலை செய்கிற பெண்களின் ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர் வரமாட்டேன் என்கிறார். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 18,000 ரூபாய் மகப்பேறு உதவி தருகிற அரசு இது. அந்த அக்கறை ஒன்பதாம் மாதத்து ஸ்கேனுக்கும் வரக் கூடாதா?

பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். 36ஆம் வாரத்தில் ஒரு ஸ்கேன். மாதாமாதம் ஒன்பதாம் தேதி கர்ப்பிணிகளை டாக்டர் பார்க்கும் திட்டம் 2016இலிருந்தே இருக்கிறது, அந்த நாளோடு சேர்த்தாலும் சரி, வேறு நாள் வைத்தாலும் சரி. அம்மா வீட்டுக்கு வரும் பெண்ணின் பழைய ரிப்போர்ட்டை, கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு கொடுக்கிற பிக்மி நம்பரை வைத்து இங்கேயே எடுத்துப் பார்க்க வழி செய்யுங்கள். எந்த ஆஸ்பத்திரியில், எந்தக் கிழமை, எத்தனை பேருக்கு என்று எழுதி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலிலும் ஒட்டச் சொல்லுங்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு பெண்கள் இப்போது ஏழாம் மாதத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் இது நடந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
காரைக்குடிப் பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி