இருபது டொலர் வைனும் 29 தங்கப் பதக்கங்களும்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் முதல் கடையின் முன்தட்டில், லேபிளின் குறுக்கே சாய்வாகச் சிவப்புப் பட்டை ஓடும் ஒரு போத்தலை அடுக்கி வைத்திருக்கிறோம். தெற்கு அவுஸ்திரேலியாவின் மக்லாரன் வேலில் இருக்கிற டரென்பர்க் என்ற குடும்ப நிறுவனத்தின் 'டாரிஸ் ஒரிஜினல்'. ஷிராஸ், கிரெனாஷ் என்ற இரண்டு முந்திரிகை (திராட்சை) இனங்களையும் கலந்து செய்த சிவப்பு வைன். விலை எங்கள் கடையில் இருபது டொலருக்குக் கிட்ட. எடுத்துப் பார்க்கிற பலரும் கேட்பது ஒரே கேள்வி: "விருது வாங்கின வைன் என்று எழுதியிருக்கிறீர்கள், பிறகு ஏன் இவ்வளவு மலிவு?" பின்னால் நாலு பேர் நிற்கும்போது இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் பிழை. "29 தங்கப் பதக்கம், 7 கிண்ணம்" என்று மட்டையில் எழுதி ஒட்டியது நாங்கள்தான். அது பொய் இல்லை. ஆனால் அந்தப் பதக்கங்கள் எல்லாம் 1967ஆம் ஆண்டு அறுவடையில் செய்த வைனுக்குக் கிடைத்தவை. அவுஸ்திரேலிய மாநிலத் தலைநகரங்களில் நடந்த வைன் கண்காட்சிகளில் அந்த ஒரு வைன் அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போனது. இன்று நீங்கள் கையில் எடுப்பது அதே வழியில் வந்த வைன், அதே போத்தல் அல்ல. தாத்தா எஸ்.எஸ்.சி. சோதனையில் எடுத்த சிறப்புச் சித்தியைக் காட்டிப் பேரனுக்கு வேலை கேட்டது போலாகிவிட்டது எங்கள் மட்டை.

பதக்கம் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறோம், மற்றப் போத்தல்களை வாங்கும்போதும் உதவும். இங்கே கண்காட்சிகளில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்பவை ஓட்டப்பந்தயத்தில் முதலாம், இரண்டாம், மூன்றாம் இடம் போன்றவை அல்ல. பெயரை மறைத்து வைத்துச் சுவைத்துப் புள்ளி போடுவார்கள். இப்போதைய நூறு புள்ளி முறையில் 95உம் அதற்கு மேலும் எடுத்தால் தங்கம், 90 முதல் வெள்ளி, 85 முதல் வெண்கலம். ஒரே பிரிவில் பத்து வைன் 95 எடுத்தால் பத்துக்கும் தங்கம்தான். அந்தத் தங்கங்களுக்குள் சிறந்தது எது என்று திரும்பவும் சுவைத்துத் தேர்ந்தெடுப்பதற்குத்தான் கிண்ணம். ஆகவே ஸ்டிக்கரில் பார்க்க வேண்டியது மூன்று விஷயம்: எந்தக் கண்காட்சி, எந்த ஆண்டு, பதக்கத்தின் நிறம். அந்த ஆண்டும் போத்தலில் உள்ள அறுவடை ஆண்டும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

நாங்களே இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறோம். கடை தொடங்கிய புதிதில் ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, பொன்னிற வட்டம் மின்னும் போத்தல் ஒன்றைக் காட்டினார். பன்னிரண்டு பெட்டி எடுத்தோம். அவர் போன பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், அந்த வட்டத்தில் இருந்தது அந்த நிறுவனம் தொடங்கிய ஆண்டு மட்டும்தான். கடைசிப் பெட்டியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டோம். வாங்கியவர்கள் மன்னிக்க வேண்டும்.

சரி, டரென்பர்க் கதைக்கு வருவோம். மெல்பேர்ண்காரருக்கு இதில் சொந்தம் கொண்டாட ஒரு விஷயம் இருக்கிறது. லைகன் தெருவில் ஜிம்மி வொட்சன் பெயரில் ஒரு பழைய வைன் பார் இருக்கிறதல்லவா? அவர் 1962இல் இறந்த பிறகு அவர் நினைவாக ஒரு கிண்ணம் ஏற்படுத்தினார்கள். அந்த நாளில், செய்து ஓராண்டே ஆன சிவப்பு வைன்களில் மிகச் சிறந்ததற்கு அது போகும். இங்கே வைன் செய்கிறவர்கள் பெரிதாக ஆசைப்படுகிற பரிசு அது. 1969 மெல்பேர்ண் கண்காட்சியில் அதை டரென்பர்க்கின் 1968 கபர்னே சோவினியோன் (இன்னொரு சிவப்பு முந்திரிகை இனம்) வென்றது. அடுத்தடுத்த இரண்டு அறுவடைகள், இரண்டும் வெவ்வேறு வைன். அதிர்ஷ்டத்தால் மட்டும் இப்படி நடக்காது என்பது எங்கள் எண்ணம்.

இந்தக் குடும்பத்தின் தொடக்கம்தான் எனக்கு எப்போதும் சிரிப்பு வரவைப்பது. 1912இல் அந்தத் தோட்டத்தை வாங்கிய ஜோசப் ஒஸ்போர்ன் ஒரு சொட்டு மது தொடாத மனிதர். தன் பந்தயக் குதிரைகளை விற்றுத்தான் காணி வாங்கினார். அதில் ஒரு குதிரையின் பெயர் ஃபுட்போல்ட். இன்றும் அவர்களுடைய ஷிராஸ் ஒன்றுக்கு அந்தப் பெயர்தான். மகன் பிராங்க் காலத்தில், 1920களின் கடைசியில்தான் சொந்தமாக வைன் செய்யும் கட்டடம் எழுந்தது. அதற்குமுன் பழத்தை வெளியே விற்றார்கள். பேரன் டாரி 1943இல், பதினாறு வயதில், சுகமில்லாத தகப்பனுக்குத் துணையாகப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்தார். 1957இல் தகப்பன் இறந்ததும் முழுப் பொறுப்பும் அவருக்கு. இரண்டு ஆண்டு கழித்துச் சொந்த லேபிள் போட்டபோது, தன்னைப் பெற்றுச் சில நாளிலேயே இறந்துபோன தாய் ஹெலெனாவின் குடும்பப் பெயரை வைத்தார்: டரென்பர்க். சிவப்புப் பட்டை, தான் படித்த பள்ளிக்கூடத்தின் டையிலிருந்து எடுத்தது. டாரியின் மகன் செஸ்டர் 1984 முதல் தலைமை வைன் செய்பவர். ரூபிக் கியூப் போல ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றைத் தோட்டத்தின் நடுவே கட்டி 2017 கடைசியில் திறந்தவரும் இவர்தான். அழகா அசிங்கமா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

1967 அறுவடை வைன் பதக்கம் வாங்கியபோது அதன் பெயர் 'பேர்கண்டி'. பிரான்ஸின் பேர்கண்டியில் சிவப்புக்குப் பினோ நுவார் என்ற இனம்தான். ஷிராஸும் கிரெனாஷும் இல்லை. அந்தக் காலத்தில் இங்கே எதற்கும் ஐரோப்பிய ஊர்ப் பெயர் வைப்பார்கள். 1994இல் ஐரோப்பாவோடு வைன் ஒப்பந்தம் வந்தபின் அப்படி வைக்க முடியாமல் போனது. எங்கள் கருத்தில் நல்லதே நடந்தது. ஊரான் பெயரைவிட டாரியின் பெயர்தான் இதற்குப் பொருத்தம்.

இப்போது விலைக் கேள்வி. காரணம் ஒன்றல்ல.

பெரிய காரணம் கிரெனாஷ். வெயிலும் வறட்சியும் தாங்கும் கொடி, தண்டு உறுதியானது. யாழ்ப்பாணத்தில் நாம் முந்திரிகைக்குக் கல்தூண் நட்டுப் பந்தல் போட்டுப் படரவிடுவோம். இதற்குப் பந்தலும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். சின்னப் பற்றை மாதிரித் தானாக நிற்கும். நன்றாக இனிப்பு ஏறும் பழம் என்பதால் மக்லாரன் வேலிலும் பரோசாவிலும் நீண்ட காலம் இனிப்பான, மதுசாரம் சேர்த்து வலுக்கூட்டிய வைனுக்கே போனது. பிறகு சனத்தின் நாக்கு மாறியது, கிரெனாஷுக்கு மதிப்பு விழுந்தது. 1980களின் நடுவில் தெற்கு அவுஸ்திரேலிய அரசே காசு கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. பழைய கிரெனாஷும் ஷிராஸும் எவ்வளவோ அதில் போய்விட்டன. ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்த, 1877இல் இங்கே ஜீலோங் பக்கம் வந்து தொலைத்த பிலொக்சரா என்ற வேர்ப்பேன் தெற்கு அவுஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை. பேனுக்குத் தப்பிய கொடி அரசின் காசோலைக்குத் தப்பவில்லை. பிடுங்காமல் வைத்திருந்தவர்களில் டரென்பர்க்கும் ஒன்று. கிரெனாஷுக்கு இப்போது மதிப்புத் திரும்பிவிட்டது. ஆனாலும் தனி கபர்னே, தனி ஷிராஸ் என்று கேட்டு வாங்குவோர் கலவை வைனைக் கொஞ்சம் கீழாகத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை விலையிலும் தெரிகிறது. லாபம் உங்களுக்கு.

அடுத்தது வரி. விஸ்கி, பியருக்கு இங்கே மதுசாரத்தின் அளவைப் பார்த்து வரி. வைனுக்கு மொத்த விலையில் 29 சதவீதம். மலிவான வைனுக்கு வரியும் மலிவு என்று அர்த்தம். விஸ்கி விலையைப் பார்த்துப் பெருமூச்சு விடும் அண்ணைமாருக்காக இதைச் சொல்லி வைக்கிறோம். மிச்சக் காரணம், நூறு ஆண்டுக்கு மேல் கைவிடாத குடும்பக் காணி, புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆனால் செய்முறையில் சிக்கனம் இல்லை. சின்னத் திறந்த தொட்டிகளில் நொதிக்கவிட்டு, ரப்பர் உடுப்புப் போட்டுக்கொண்டு ஆட்கள் காலால் மிதிக்கிறார்கள். பிறகு பழைய கூடைச் செக்கில் மெல்லப் பிழிகிறார்கள். மெதுவாகப் பிழிந்தால் விதையின் கசப்பு இறங்காது. எள்ளைச் செக்கில் ஆட்டிய எண்ணெய்க்கும் ஆலை எண்ணெய்க்கும் வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சுவை? கிரெனாஷின் தோல் மெல்லியது, நிறம் குறைவு. ராஸ்பெரிப் பழ வாசமும் ஒரு மென்மையும் அதிலிருந்து வருகிறது. கறுப்பு நிறம், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு, மிளகு வாசம் ஷிராஸின் பங்கு. மிளகு என்பது கற்பனையல்ல. ரொட்டண்டோன் என்ற பொருள் நம்முடைய கறுப்பு மிளகிலும் ஷிராஸிலும் ஒன்றே என்று அடிலெய்டில் உள்ள வைன் ஆராய்ச்சி நிலையத்தார் 2008இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசம் எட்டவே எட்டாதாம். என் மனைவி மூடியைத் திறந்ததும் "மிளகு" என்பார், எனக்கு ஒன்றும் தெரியாது. உண்மையைச் சொன்னால், மக்லாரன் வேல் சூடான இடம், மிளகு குறைவாகத்தான் இருக்கும். அது நிறைய வேண்டுமென்றால் நம்முடைய விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் ஷிராஸைக் கேளுங்கள், உள்தட்டில் இருக்கிறது, விலை கூட.

சாப்பாட்டுக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு நன்றாகப் போகும், உறைப்பை அரைவாசியாகக் குறைத்தால். மதுசாரம் 14 சதவீதத்துக்கு மேலே, கடும் உறைப்போடு சேர்ந்தால் வாய் எரியும். மீன், நண்டுக் கறிக்கு வேண்டாம், வாயில் இரும்பு ருசி வரும். "அறை வெப்பம்" என்ற பேச்சை மெல்பேர்ண் ஜனவரியில் நம்ப வேண்டாம், குடிக்குமுன் இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். திருகு மூடிதான், அதனால் மட்டமான வைன் என்று நினைக்காதீர்கள். இருட்டான குளிர்ந்த இடத்தில் வைத்தால் பத்து ஆண்டும் தாங்கக்கூடியது.

மட்டையை மாற்றிவிட்டோம். "1967 அறுவடைத் தாத்தாவுக்கு 29 தங்கம், இது பேரன்" என்று இப்போது எழுதியிருக்கிறது. பேரன் எப்படி என்று நீங்களே பார்க்க, வரும் இரண்டு சனிக்கிழமைகளிலும் பின்னேரம் மூன்று முதல் ஐந்து மணிவரை ஒரு போத்தல் திறந்து வைக்கிறோம். ஒரு வாய்தான், காசு இல்லை. இளவயதினர் அடையாள அட்டை கொண்டு வாருங்கள், பதினெட்டுக்குக் கீழே தெரிந்த பிள்ளையானாலும் ஊற்ற மாட்டோம். ஒரு முழுப் போத்தலில் ஏறத்தாழ எட்டரை 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' (ஒன்றில் பத்துக் கிராம் மதுசாரம்) இருக்கிறது, எண்ணிக்கை லேபிளின் பின்பக்கம். வீட்டு விருந்தென்றால் யார் கார் ஓட்டுவது என்று மூடி திறக்குமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள், பி லைசன்ஸ் (புதிதாக ஓட்டுவோருக்கான உரிமம்) பிள்ளைகளுக்குச் சுழியம்தான் அளவு.

பெட்டியாக எடுப்பவர்கள் வியாழனுக்கு முன் சொல்லுங்கள்.

அன்புடன்,
கடைக்காரரும் மனைவியும்