அரண்மனைக்காரன் தெருவுக்குக் கேமராவோடு வரும் நண்பர்களுக்கு

வணக்கம்.

தாள் வாங்கச் சென்னை ஆண்டர்சன் தெருவுக்கு அடிக்கடி வரும் சின்ன அச்சகக்காரன் நான். வந்த வேலை சீக்கிரம் முடிந்தால் ஆர்மீனியத் தேவாலயத்தில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவேன். அங்கேதான் உங்களைப் பார்க்கிறேன்.

அரண்மனைக்காரன் தெருவில் அரண்மனை கிடையாது. ஆர்மீனியன் என்ற பெயர் நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு அலைமோதும் கூட்டம், அதே தெருவில் உள்ள இந்தச் சின்ன ஆர்த்தடாக்ஸ் கோயிலைக் கவனிப்பதில்லை. நீங்களாவது உள்ளே வருகிறீர்கள், சந்தோஷம்.

ஆனால் ஈழத்தலரி மரத்தடியில் நின்று போஸ் கொடுக்கிறீர்களே, காலுக்குக் கீழே இருப்பது வெறும் தளக்கல் இல்லை. கல்லறை. சுமார் 350 ஆர்மீனியர்கள் அங்கே அடங்கியிருக்கிறார்கள். 1772இல் இந்தக் கோயில் எழுந்ததே அவர்களுடைய இடுகாட்டில்தான். கல்மேல் கால் படாமல் நடக்க முடியாது, அது எனக்கும் தெரியும். நடப்பது வேறு, அதன்மேல் உட்கார்ந்து சிப்ஸ் பாக்கெட் பிரிப்பது வேறு. இன்று சென்னையில் ஆர்மீனியர் என்று சொல்ல ஆளே அரிது. ஏன் இப்படி என்று கேட்க அந்தக் கல்லுக்கு உறவுக்காரர் யாரும் வரப்போவதில்லை.

அங்கே ஒரு கல் ஹருத்யுன் ஷ்மவோன்யனுடையது. ஈரானில் உள்ள ஷிராஸிலிருந்து வந்த பாதிரியார். பிள்ளைகள் இரண்டு பேரையும் பறிகொடுத்தவர். 1794இல் அவர் தொடங்கிய 'அஸ்தரார்'தான் உலகிலேயே முதல் ஆர்மீனிய மொழி இதழ். ஆர்மீனியாவில் இல்லை, நம் மெட்ராஸில் அச்சானது! இரண்டு வருடம் போல வந்து நின்றுவிட்டது. இதழ் நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் என் கடைக்கும் வருவார்கள், அதனால் இந்தக் கல்லருகே எனக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும்.

அப்புறம், மணிக்கூண்டு கோயிலை ஒட்டாமல் தனியே நிற்கும். உள்ளே ஆறு மணிகள். 1808இல் மறுபடி வார்த்த மணியில் தமிழ் எழுத்தும் உண்டு. ஆசை வரும்தான், ஆனாலும் கயிற்றை இழுத்துப் பார்க்காதீர்கள்.

மதியத்துக்கு மேல் கதவைச் சாத்திவிடுவார்கள், காலையிலேயே வாருங்கள். ஷ்மவோன்யன் கல் எது என்று தெரியாவிட்டால் காவலரைக் கேளுங்கள். நான் இருந்தால் நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அச்சகக்காரன்