ரஃப் நோட்டையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

½ + ⅓ = 2/5 என்று எழுதிய என் மகளுக்கு அவளுடைய கணக்கு டீச்சர் சிவப்பு மையில் தப்பு போடவில்லை. "அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா, அரையை விடக் குறையுமாம்மா?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். சற்று நேரம் விழித்தவள், தானே 5/6-க்கு வந்து சேர்ந்தாள். அன்றிரவு தோசையை வெட்டிவெட்டி எங்களுக்கும் பாடம் நடந்தது!

1910-ல் நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூரில் துணை கலெக்டராக இருந்தவர் ராமசாமி ஐயர். குமாஸ்தா வேலை கேட்டு வந்த ராமானுஜனின் நோட்டுகளைப் புரட்டியவர், அவரை அந்த நாற்காலியில் முடக்க மனமில்லாமல், சென்னையிலிருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவர் வாத்தியார் அல்ல. ஆனால் ஒரு நோட்டைப் பார்க்கத் தெரிந்தவர்.

இங்கே பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் "வடிவியலும் வரைபடமும் போட்டாலே பாஸ்" என்கிற பேச்சுதான். ஏன் என்று கேட்கிற பிள்ளைக்கு "பரீட்சைக்கு வராது" என்பதே பதில். பள்ளி ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தேர்ச்சி விழுக்காட்டோடு நான்கு பிள்ளைகளின் ரஃப் நோட்டையும் புரட்டிப் பார்க்கட்டும்.

- ஒரு பெற்றோர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்