விருந்தாளி ராத்திரி தங்கினால் குற்றமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், 'வெளி ஆட்கள் ராத்திரி தங்கக் கூடாது' என்று பல வீட்டுக்காரர்கள் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார்கள். லாரித் தண்ணீர் வாங்கும் வீடு என்றால் கூடுதலாகக் காசு கேட்பதில் நியாயம் உண்டு, சரி, கொடுத்துவிடலாம். தங்கவே கூடாது என்றால் எப்படி? அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கும் வெளியூர்களிலிருந்து வருகிறவர்கள், ஒரு டெஸ்ட் முடிந்து அடுத்த டெஸ்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் எல்லாம் லாட்ஜுக்குப் பணம் கட்ட முடியுமா? சொந்தக்காரர் வீட்டு ஹாலில் ஒரு பாய் விரிக்க இடம் கிடைத்தால்தான் பலரால் சிகிச்சையைத் தொடரவே முடிகிறது.

2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில்தான் போட வேண்டும். விருந்தினர் எத்தனை நாள் தங்கலாம், தண்ணீருக்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதிவிட்டால் சண்டைக்கு வேலை இல்லை. அப்புறம், பெரிய அடுக்குமாடிகளில் மீட்டிங் நாள் தவிர பூட்டியே கிடக்கும் சங்க அறையில் இரண்டு மடக்குக் கட்டில் போட்டு, ஒரு பாத்ரூமையும் திறந்துவிட்டால் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்காரர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். குடியிருப்போர் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேச வேண்டும்.

– ஒரு வாடகைதாரர், சென்னை